பதினாறாவது நட்டு

போன மாதம் நான் வேலை பார்த்த வண்டி ரிப்பேர் ஷாப்பிலிருந்து மூன்று மெக்கானிக்குகள் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. நலம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். காபி குடித்து முடித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. முதலாளியின் மகள் சுகந்திதான் இப்போது ஷாப்பைப் பார்த்துக்கொள்கிறார். அவர் ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்திருக்கிறார். இறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் மஞ்சள் பெயிண்ட் வைத்து, அதைப் போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். எல்லாப் படமும் அவருக்கு வந்து சேர்ந்த பிறகுதான் வண்டிக்காரரிடம் சாவியைக் கொடுக்கலாம்.

"இருவது வருஷமா வேல செய்யறோம்ணே. எங்க மேல நம்பிக்க இல்லாத மாதிரி கீது. நீங்க ஒரு வார்த்த சொன்னா அவங்க கேப்பாங்க" என்றார்கள்.

சொல்கிறேன் என்றோ மாட்டேன் என்றோ நான் பதில் சொல்லவில்லை. எழுதித் தருகிறேன், படித்துவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்கள் என்றேன். அதுதான் இது.

எனக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். வேலூரில் ஒரு லாரி ஷெட்டில் எட்டு வருடம் ஸ்பிரிங் பட்டை வேலை பார்த்தேன். இரும்புப் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட் போட்டு வில் மாதிரி கட்டியிருப்பார்கள். வண்டியின் பாரம் முழுக்க அந்தக் கட்டின் மேல்தான். அந்த எட்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தூக்கினேன், அடித்தேன், இறுக்கினேன். பிறகு திருவண்ணாமலையில் வேலூர் ரோட்டில் அப்பாண்டைராஜ் ஷாப் வைத்தபோது அவரிடம் சேர்ந்தேன். அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஜைனக் குடும்பம், ஊரில் நயினார் என்பார்கள். நான் அவரை முதலாளி என்றுதான் கூப்பிடுவேன்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வேலை நடக்கும்போது கிட்டேயே வரமாட்டார். முடிந்தது என்று சொன்னதும் வருவார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார். "எத்தினி?"

எத்தனை நட்டு கழற்றினாய், எத்தனை இறுக்கினாய் என்று அர்த்தம். சேர்ந்த புதிதில், மல்லாட்டை சீசனில், வேர்க்கடலை மூட்டை ஏற்றிப் பட்டை உடைந்த மினி லாரி ஒன்று வந்தது. புதுக் கட்டு மாட்டி முடித்தேன். "எத்தினி?" என்றார். "எல்லாம் ஆச்சுங்க" என்றேன். "எல்லாம்னு ஒரு நம்பர் இல்ல, ஏழுமல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூட்டைக்காரர் பக்கத்தில் நின்று முறைத்துக்கொண்டிருக்க, நான் மறுபடியும் வண்டிக்கு அடியில் படுத்து, ஒவ்வொன்றாக ஸ்பேனர் போட்டு எண்ணிக்கொண்டு வந்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த கோபம் ரொம்ப நாள் போகவில்லை.

டாக்டர் வசந்தாவின் கார் வந்தது நான் ஓய்வு பெறுவதற்கு நாலு வருடம் முன்னால். அவர் மயக்க மருந்து டாக்டர், வேலையிலிருந்து நின்று சில வருடம் ஆகியிருந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் அது. அறுபதுகளில் செய்தது. வெளிர் நீலம். கூரையை மடித்துப் பின்னால் போட்டுவிடலாம். அவருடைய அண்ணன் வாங்கி, ஓட்டி, பிறகு ஒரு கொட்டகையில் போட்டுவைத்த வண்டி. அண்ணன் இப்போது ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் நிலம் வாங்கிக்கொண்டு அங்கேயே இருந்தார். காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து கீழே இறங்குவதில்லை. டாக்டர் அந்தக் காரை இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரி பண்ணி ஓட வைத்திருந்தார். மலைக்கே ஓட்டிவந்து காட்டினால்தான் நம்புவேன் என்று அண்ணன் சொல்லிவிட்டாராம்.

ஆனால் பின்பக்கம் இடது புறம் நாலு விரல் அளவு தாழ்ந்து நின்றது. பட்டைகள் தளர்ந்து, ஒன்று விரிசலும் விட்டிருந்தது. அப்படியே மலை ஏற்ற முடியாது. புதுக் கட்டு இரண்டும், அதற்கான போல்ட், நட்டு, முனைகளில் செருகும் ரப்பர் புஷ் எல்லாமும் இங்கிலாந்திலிருந்து மரப்பெட்டியில் வரவழைத்திருந்தார். அந்த நட்டுகளின் திருகுமரை பழைய அங்குலக் கணக்கு. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் எந்த நட்டும் அதில் ஏறாது.

இரண்டு நாள் வேலை. முதல் நாள் முழுக்கக் கழற்றுவதிலேயே போனது. கட்டின் முன்முனை, வண்டியின் அடித்தளத்தில் இருக்கும் ஒரு பிராக்கெட்டுக்குள் நுழைந்து, குறுக்கே ஒரு போல்ட்டில் நிற்கும். ஐம்பது வருடத் துருவில் இரண்டு பக்கத்து போல்ட்டும் புஷ்ஷோடு ஒட்டிப்போயிருந்தன. அடித்தாலும் அசையவில்லை. கேஸ் வைத்துச் சூடு காட்டலாம் என்றேன். பெட்ரோல் டேங்க் பின்னால்தான் தொங்கியது.

"நெருப்பு வேணாம். ரம்பம் போடு" என்றார் முதலாளி.

பிராக்கெட்டுக்கும், போல்ட் நுழையும் பட்டையின் கண்ணுக்கும் நடுவில் ரம்பத்தின் தகடு மட்டும்தான் நுழையும். கைப்பிடி போட முடியாது. தகட்டைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மல்லாந்து படுத்து, ஒரு போல்ட்டுக்கு இரண்டு இடத்தில் அறுத்தேன். மாலைக்குள் பதினோரு தகடு உடைந்தது.

மறுநாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக மதியத்துக்கு மேல் ரோட்டை மூடிவிடுவார்கள். அதற்குள் ஊரைத் தாண்டி, செங்கத்தில் ஒரு தோழி வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே பரமனந்தல் வழியாக மலை ஏறிவிட வேண்டும் என்பது டாக்டரின் திட்டம். முதலாளி காலையிலேயே ஒரு வேலையாக ஆரணி போயிருந்தார்.

புதுக் கட்டு மாட்டுவதில் ஒரு முறை உண்டு. வண்டியைத் தூக்கி வைத்திருக்கும்போது முனைகளில் இருக்கும் நட்டுகளைக் கையால் மட்டும் திருகி விட வேண்டும். சக்கரம் மாட்டி வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டும். முதலிலேயே இறுக்கிவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். ஒரு பக்கத்துக்கு எட்டு நட்டு. அதில் ஐந்து தூக்கியிருக்கும்போதே இறுக்குவது. முன்முனையில் ஒன்று, பின்முனையில் இரண்டு, ஆக மூன்று நட்டு தரையில் இறக்கிய பிறகு இறுக்குவது.

வண்டியை இறக்கி, ஷாப்பில் அடிவேலைக்கு வெட்டியிருக்கும் குழிக்கு மேல் நிறுத்தி, நான் குழிக்குள் இறங்கினேன். வலது பக்கம் மூன்றும் இறுக்கினேன். இடது பக்கம் பின்முனையில் இரண்டும் இறுக்கினேன். அப்போது மேலிருந்து டாக்டரின் குரல் கேட்டது.

"ஏழுமலை, பேரிகாட் போட ஆரம்பிச்சிட்டாங்களாம். எந்தப் பக்கம் போனா விடுவாங்க?"

குழியிலிருந்து ஏறி வந்தேன். எந்தத் தெருவில் திரும்பி எந்த இடத்தில் செங்கம் ரோட்டைப் பிடிக்க வேண்டும் என்று, கையிலிருந்த ஸ்பேனராலேயே காட்டி விளக்கினேன். அவர் திரும்பக் கேட்டார். மறுபடி சொன்னேன். பிறகு மேஜையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினார். பின்பக்கம் இரண்டு புறமும் சமமாக நின்றதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. குழியைத் தாண்டி ரோட்டில் ஏறும்போது அவர் கையை உயர்த்திக் காட்டினார். நானும் காட்டினேன்.

கைகழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டு மணிக்கு முதலாளி பைக்கில் வந்து இறங்கினார்.

"டாக்டர் வண்டி போயிடுச்சா?"

"போயிடுச்சுங்க."

"எத்தினி?"

பதினாறு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போயிருப்பார். ஆனால் இவ்வளவு வருடம் கேட்டுக் கேட்டு, அந்த எண்ணைச் சொல்வதற்கு முன் நினைவிலேயே கை ஒரு தடவை எல்லா நட்டையும் தொட்டுவிட்டு வரும். வலது முன்முனை. அந்த நட்டு கடைசியில் நின்ற இறுக்கம் தோள்பட்டையில் இருந்தது. இடது முன்முனைக்குக் கை போனது. அங்கே ஒன்றும் இல்லை.

"பதினஞ்சுதான் ஞாபகம் வருதுங்க" என்றேன்.

"எது இல்ல?"

"லெப்ட் சைடு முன்னாடி போல்ட்டு. கையால திருகி உட்டது. ஸ்பேனர் போட்டனா இல்லயான்னு தெரியல."

அவர் முகம் மாறவில்லை. உடனே டாக்டருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கூரை திறந்த வண்டியில் அந்த இன்ஜின் சத்தத்தில் எப்படிக் கேட்கும். மூன்று தடவை போட்டார். செங்கத்துத் தோழி யார், வீடு எங்கே, எங்களுக்குத் தெரியாது.

அந்த ஒரு நட்டு கழன்றால் என்ன ஆகும் என்பதை மெக்கானிக்குகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நட்டு போனால் போல்ட் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகரும். முழுக்க வந்துவிட்டால் பட்டையின் முன்முனையைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. பின் அச்சு ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். ஸ்டீயரிங் என்ன பிடித்தாலும் வண்டி அது போகிற பக்கம்தான் போகும். மலை ரோட்டில் அந்தப் பக்கம் பள்ளமாகவும் இருக்கலாம்.

"கெளம்பலாங்க" என்றேன்.

முதலாளி கிளம்பவில்லை. ஷாப்பின் மூலைக்குப் போய், கழற்றிய சாமான் போட்டிருந்த தட்டைக் கிளற ஆரம்பித்தார். அறுத்துப் போட்ட பழைய போல்ட் துண்டு ஒன்றை எடுத்தார். அதன் முனையில் பழைய நட்டு துருவோடு இருந்தது. அதை மேஜையில் பொருத்தியிருந்த வைஸில் இறுக்கிப் பிடித்து எண்ணெய் விட்டார்.

"மொதலாளி, நேரம் போவுதுங்க."

"கழண்டிருந்தா அங்க போயி எத வெச்சி இறுக்குவ? இந்த மரை செங்கத்துல கெடைக்குமா?"

அந்தப் பத்து நிமிடம் மாதிரி ஒன்றை என் வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. அவர் அவசரப்படவே இல்லை. கால் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால், மறுபடி எண்ணெய், மறுபடி கால் சுற்று. நான் வாசலுக்கும் வைஸுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் நட்டு கழன்று வந்தது. துணியில் துடைத்து, மரையை வெளிச்சத்தில் பார்த்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஸ்பேனர், சுத்தியல், சின்ன ஜாக்கி எல்லாம் ஒரு சாக்கில் கட்டி நான் பைக்கில் பின்னால் ஏறினேன்.

செங்கம் ரோட்டு முனையில் தடுப்பு போட்டுவிட்டார்கள். அங்கே நின்ற பெண் போலீஸ் கையை நீட்டினார்.

"வண்டி உட மாட்டோம்ணா. சுத்திக்கினு போங்க."

"சுத்தனா ஒரு மணி நேரம் ஆவும்மா" என்றார் முதலாளி. "எங்க ஷாப்புல வேல செஞ்ச காரு ஒண்ணு மல ஏறப் போவுது. ஒரு நட்டு இறுக்கல. ஓட்டறது அறுபத்தஞ்சு வயசு அம்மா."

"போன் பண்ணுங்க."

"எடுக்கல."

அந்தப் பெண் எங்கள் இருவரையும், சாக்கையும் பார்த்தார். "இன்ஜின ஆப் பண்ணிட்டுத் தள்ளிக்கினு போவீங்களா? யார் மேலயும் படக்கூடாது" என்றார்.

தள்ளினோம். வெறுங்காலோடு குடும்பம் குடும்பமாக வந்துகொண்டிருந்த கூட்டத்துக்குள், முதலாளி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, நான் பின்னாலிருந்து தள்ள, "கொஞ்சம் வழி உடுங்கம்மா, வழி உடுங்க" என்று சொல்லிக்கொண்டே போனோம். தோளில் தூங்கும் குழந்தையோடு ஒருவர் முன்னால் போனால் அவர் வேகத்துக்குத்தான் நாங்களும் போக முடியும். சாக்கிலிருந்த ஜாக்கி ஒவ்வொரு அடிக்கும் என் முழங்காலில் இடித்தது. கிரிவலப் பாதை மலையோடு திரும்பும் இடத்தைத் தாண்டி, கூட்டம் விட்டு, பைக்கை ஸ்டார்ட் பண்ணும்போது மூன்றரை மணி.

வழியில் மறுபடி போன் போட்டும் டாக்டர் எடுக்காததால் செங்கத்தில் நிற்கவில்லை. பரமனந்தலில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, மேல்மூடி இல்லாத நீலக் கார் போச்சா என்று கேட்டோம்.

"ஒரு அம்மா ஓட்டிக்கினு போனாங்களே, அதுவா? இப்பத்தான். கால் மணி நேரம் இருக்கும்" என்றார் கடைக்காரர்.

மலை ரோட்டில் ஏறினோம். பைக் திணறியது. நாலைந்து வளைவு தாண்டியதும் மேலே அந்த இன்ஜின் சத்தம் கேட்டது. இன்னும் இரண்டு வளைவு. காரின் பின்பக்கம் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் வால் ஒரு கணம் தாமதித்துத் திரும்பியது. அதோடு ஒரு 'டக்' சத்தம். இப்போது எனக்குச் சந்தேகமே இல்லை.

முதலாளி ஹாரன் அடித்தார். டாக்டர் நாங்கள் முந்தப் பார்க்கிறோம் என்று நினைத்து, கையை வெளியே நீட்டி, போங்கள் என்று வழி காட்டினார். வேகத்தைக் குறைக்கவில்லை. இடது புறம் பள்ளம். முதலாளி பைக்கைக் காருக்கு வலது பக்கமாகக் கொண்டுபோனார். நான் கத்தினேன்.

"டாக்டரம்மா, நிறுத்துங்க. மெதுவா நிறுத்துங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. பிறகு வண்டி நின்றது.

ஹேண்ட் பிரேக்கை இழுக்கப் போனார். "அத போடாதீங்க. கால் பிரேக்குலயே இருங்க" என்றேன். ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். ஏற்றத்தில் அதில் நின்றால் வண்டி பின்னால் இழுக்கிற இழுப்பு முழுவதும் அந்த போல்ட்டின் மேல் வரும். கால் பிரேக் நாலு சக்கரத்தையும் பிடிக்கும். முன்சக்கரங்களுக்குப் பின்னால் நானும் முதலாளியும் கல் வைத்தோம். நான் குனிந்து அடியில் பார்த்தேன். நட்டு இல்லை. போல்ட் பாதிக்கு மேல் வெளியே வந்திருந்தது. பட்டையின் கண் அதன் நுனியில் ஒரு விரல் அகலத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?" என்றார் டாக்டர்.

"முன்னாடி போல்ட்டுல நட்டு கழண்டு போச்சுங்க. நான் இறுக்காம உட்டுட்டேன்."

அவர் திரும்பி இடது பக்கத்துப் பள்ளத்தைப் பார்த்தார்.

"நான் கீழ படுத்து வேல செய்யணும். நான் சொல்ற வரைக்கும் நீங்க கால எடுக்கக்கூடாதும்மா."

"முப்பது வருஷம் அடுத்தவங்க மூச்சப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்க உங்க வேலயப் பாருங்க" என்றார். குரலில் கோபம் இருந்தது. கால் அசையவில்லை.

பிராக்கெட்டுக்கு முன்னால், அடித்தளத்தில் ஜாக்கி வைத்தேன். ஒரு நூல் அளவு தூக்கினால் பாரம் விடும், அதற்கு மேல் தூக்கினால் வண்டி நகரும். தார் ரோட்டில் வெயில் சூடு இன்னும் இருந்தது. ஜாக்கியைக் கால் கால் சுற்றாக ஏற்றினேன். மேல் வளைவிலிருந்து பஸ் இறங்கும் சத்தம் கேட்டது. முதலாளி ஓடிப்போய் வளைவில் துண்டை ஆட்டிக்கொண்டு நின்றார். பஸ் நின்று, மெதுவாகப் பக்கத்தில் ஊர்ந்து போனபோது தரை அதிர்ந்தது. ஜாக்கியின் தலை ஒரு மயிரிழை சறுக்கியதைக் கண்ணால் பார்த்தேன். வண்டி என் மார்புக்கு மேல் லேசாக ஆடி நின்றது. மேலே டாக்டரின் செருப்பு பெடலில் இன்னும் அழுத்திய சத்தம் கேட்டது.

மூச்சை விட்டுவிட்டு, போல்ட் தலையில் சுத்தியலால் தட்டினேன். நகரவில்லை. ஜாக்கியில் இன்னும் கால் சுற்று. தட்டினேன். உள்ளே போனது. இன்னொரு தட்டு. மறுபக்கம் மரை எட்டிப் பார்த்தது. கையை வெளியே நீட்டினேன். வளைவிலிருந்து திரும்பியிருந்த முதலாளி நட்டை என் உள்ளங்கையில் வைத்தார். பழைய நட்டு, மூன்று சுற்று முரண்டு பிடித்துவிட்டு, பிறகு ஏறியது. ஜாக்கியை இறக்கி, பாரம் உட்கார்ந்ததும், ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். என் பலம் தீர்கிற வரைக்கும் இறுக்கினேன். மற்ற பதினைந்தையும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். முதலாளி எண்ணிக்கை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"டாக்டரம்மா, தப்பு எங்க ஷாப்போடது. வண்டிய இங்கயே உட்டுட்டு நீங்க பஸ்ல போங்க. நாங்க கீழ கொண்டுபோயி, மறுபடி எல்லாம் பாத்து அனுப்பறோம்" என்றார் முதலாளி.

டாக்டர் என்னைப் பார்த்தார். "இப்ப ஓட்டலாமா, கூடாதா?"

"ஓட்டலாங்க."

"அப்போ ஏறுங்க. மேல வரைக்கும் என்கூட வாங்க."

ஏறினேன். எத்தனையோ வண்டிக்கு வேலை செய்திருக்கிறேன். நான் வேலை செய்த வண்டியில் அப்படிப் பயந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நான் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். வளைவுக்கு வளைவு வால் ஒழுங்காகத் திரும்பியது. அந்த 'டக்' வரவில்லை. ஆனாலும் அடுத்த வளைவில் வருமோ என்று கால் விரல்களை மடக்கிக்கொண்டேதான் இருந்தேன். பின்னால் முதலாளியின் பைக் வந்துகொண்டிருந்தது.

வெயில் சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். அண்ணன் கைத்தடியோடு வாசலுக்கு வந்தார். எழுபது தாண்டியவர். காரைச் சுற்றி நடந்தார். பின்பக்கம் வந்து, இரண்டு ஓரத்திலும் கையை வைத்து ஒவ்வொரு தடவை அமுக்கிப் பார்த்தார்.

"சமமா நிக்குதே" என்றார். பிறகு என் எண்ணெய்ச் சட்டையைப் பார்த்தார். "யாரு வசந்தா இவரு?"

"பட்டை மாத்தினவரு. ஏழுமலை" என்றார் டாக்டர். அதோடு நிறுத்திவிட்டு, கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார்.

"நல்ல வேலப்பா" என்றார் அண்ணன்.

அதை வாங்கிக்கொண்டு நின்றிருக்கலாம்.

"இல்லீங்கய்யா" என்றேன். "ஒரு நட்டு இறுக்காம அனுப்பிட்டேன். மலையில கழண்டு போச்சு. தொரத்திக்கினு வந்து இப்பத்தான் வழியில மாட்டினேன். கொஞ்சம் லேட்டாயிருந்தா..."

அவர் தங்கையின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லவே இல்லயே."

டாக்டர் பையை மூடினார். "அவரே சொல்வாரான்னு பாத்தேன்" என்றார்.

பைக் வந்து நின்றது. முதலாளி இறங்கி, செருப்பை வெளியே விட்டுவிட்டு நின்றார். அண்ணன் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "நாலு டீ" என்று குரல் கொடுத்தார்.